அடைப்புக்குறிக்குள் இருந்த குரல்

மகனே, நான் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்து, நீ கேட்ட பழைய பிரசங்க நோட்டுகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். அந்த ஒன்று ஏன் வரவில்லை என்று நீ இரண்டு முறை போனில் கேட்டாய். ஒரு முறை கண் வலி என்றேன், இன்னொரு முறை கம்ப்யூட்டர் சரியில்லை என்றேன். இரண்டும் பொய். நேரில் சொல்லலாம் என்று நினைத்தால், நீ இருக்கும் முலுண்டுக்கு ரயிலேறி வந்து, நீ கதவைத் திறந்ததும் காய்கறி விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திலக் நகர் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்பதால் எளிதாக எழுதப் பார்க்கிறேன். இதன் ஒரு பிரதியைச் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். எல்லார் முன்னாலும் செய்த தவறை உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வது சரியாகாது. அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம். அதற்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் வேலையைப் பற்றி நீ அதிகம் கேட்டதில்லை. சொல்வதற்கும் அதிகம் இல்லை. திருநெல்வேலியில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்துவிட்டு பம்பாய்க்கு வந்த பையன்களில் நானும் ஒருவன். ஒரே கம்பெனியில், மூன்று மேனேஜர்களிடம், ஓய்வு பெறும்வரை ஸ்டெனோவாக இருந்தேன். சுருக்கெழுத்து சொல்லை எழுதுவதில்லை, சத்தத்தை எழுதுகிறது. ஆங்கிலத்துக்குப் படித்த கோடுகளையே தமிழ்ச் சத்தங்களுக்கும் நானாகப் பழக்கிக்கொண்டேன். நல்ல ஸ்டெனோ பொருளைக் கவனிக்க மாட்டான். பொருளில் மனம் போனால் கை பின்தங்கும். ஒரு நாள் காலையில் மேனேஜர் சொல்லச் சொல்ல ஒரு வேலைநீக்கக் கடிதத்தை எழுதினேன், தட்டச்சு செய்தேன், கையெழுத்துக்கு வைத்தேன். மதியம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று என் நண்பனின் மேஜைக்குப் போனேன். அவன் அழுதுகொண்டிருந்தான். என்னடா ஆயிற்று என்று கேட்டேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. அவனை வேலையைவிட்டு அனுப்பிய கடிதத்தின் ஓரத்தில், தட்டச்சு செய்தவன் என்ற முறையில், என் முதலெழுத்துகள் இருந்தன. அதை வேடிக்கைக் கதைபோல உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பியூன் டீயோடு வருவான், டெலிபோன் அடிக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். வேகத்தில் போகும் கை அந்தப் பேச்சையும் எழுதிவிடும். அதனால் குறுக்கே வந்த பேச்சுக்கு முன்னும் பின்னும் ஓர் அடைப்புக்குறி போடுவேன். தட்டச்சு செய்யும்போது இதை விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் அடையாளம் அது. நாளாக நாளாக, குறி போடுவதும் விடுவதும் எனக்குத் தெரியாமலே நடக்க ஆரம்பித்தன.

தாராவியில் நாம் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கையோடுதான் கோயிலுக்குப் போனேன். ஆண்கள் பக்கத்தில், பக்கவாசலை ஒட்டிய முதல் பெஞ்சு. அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். பழைய போதகர் ஐயா பேசிய ஒரு வார்த்தையையும் நான் விட்டதில்லை. "சபையிலே நம்ம ஸ்டெனோ மாதிரி வசனம் கேக்குதவங்க யாரு இருக்கா?" என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அதை நம்பினேன். மதியம் சாப்பிடும்போது உன் அம்மா கேட்பாள்: "நீ அழுத அழுகையில எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்று உன் தம்பியைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு ஐயா என்னங்க சொன்னாங்க?" என்பாள். "நோட்டுல இருக்கு" என்பேன். "உங்க கிட்ட என்ன இருக்குன்னு கேட்டேன்" என்பாள். அவளுக்கு வாய் அதிகம் என்று அப்போது நினைத்தேன்.

மிச்சமிருக்கும் நோட்டு, நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலத்துடையது. வழியோரம் விழுந்த விதையைப் பற்றிய பிரசங்கம். வரிக்கு வரியாகத் தட்டச்சு செய்து முடித்ததும் வழக்கம்போல வரிகளை எண்ணிச் சரிபார்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கு வரிகள் குறைந்தன. வயதாகிவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்தேன். மறுபடியும் நான்கு வரிகள் குறைந்தன. எங்கே விட்டேன் என்று பார்த்தேன்; விட்ட இடமே தெரியவில்லை. கண் அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காலை பதினொரு மணி. கீழே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. ஒரு தபால் அட்டையை எடுத்து, ஒவ்வொரு வரியாக மூடித் திறந்து, விரலை வைத்து வாசித்தேன். நடுவில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் நான்கு வரிகள். என் கையெழுத்து. வாய்விட்டு வாசித்தேன்.

"அண்ணாச்சி. அண்ணாச்சி. கொஞ்சம் வெளிய வாங்க. பிள்ள பொறந்துட்டு, அவளுக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும், நீங்க வந்து பேசினா சீக்கிரம் பாப்பாங்க. அண்ணாச்சி, கேக்குதா? அப்பா, மாமா கூப்பிடுதாங்க. அப்பா. அண்ணாச்சி."

அதோடு அடைப்புக்குறி முடிகிறது. அடுத்த வரியில் போதகர் ஐயா விதையைத் தின்ன வந்த பறவைகளைப் பற்றித் தொடர்கிறார். இடையில் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். பொன்னையா. நம் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருந்தவர், தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த ஞாயிறு காலையில் அவர் மனைவிக்கு வீட்டிலேயே பிரசவம் ஆனது. குழந்தை பிழைத்தது. தாய் அன்று மாலைக்குள் இறந்துபோனாள். மழைத் தண்ணீரில் அவளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர் தடுமாறி நின்றாராம். நான் கூடப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் என்னால் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் பொன்னையா கோயில் வாசலில் நின்று, "காதுல குனிஞ்சு கூப்பிட்டேன். ஸ்டெனோ எழுதிக்கிட்டே இருந்தாரு" என்று கத்தினார். சபைக் கமிட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கோயிலில் எல்லார் முன்னாலும் விசாரித்தது. என் அருகில் யாரும் வரவில்லை என்று வேதத்தின்மேல் கை வைத்துச் சொன்னேன். பிரசங்கத்தன்று கூரையில் மழைச் சத்தம். அவர் வாசலில் நின்றதைச் சிலர் பார்த்திருந்தார்கள், உள்ளே வந்ததைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவர் எப்போதாவது குடிப்பவர். நான் போதகர் ஐயா மெச்சிய ஆள். குற்றச்சாட்டு உண்மையல்ல என்று கூட்டக் குறிப்பில் பதிவானது. கமிட்டிக் காரியதரிசி நான்தான் என்பதால் அதையும் நானே எழுதினேன். அந்த மாதமே பொன்னையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராவியை விட்டே போய்விட்டார். மகனே, நான் தெரிந்து பொய் சொல்லவில்லை. அவர் வந்ததாக எனக்கு நினைவே இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த அடைப்புக்குறியை யார் போட்டது? இது போதகர் பேசுவது அல்ல, இது வேண்டாத பேச்சு, இதை விட்டுவிடு என்று எனக்குள் யாரோ அந்த நொடியில் கேட்டு, எடைபோட்டு, முடிவு செய்திருக்கிறான். அவன் பென்சிலை நிறுத்தக்கூட இல்லை. அவனும் நானும் ஒரே சட்டைக்குள்தான் முப்பது வருஷமாக இருந்திருக்கிறோம்.

நோட்டில் இருக்கும் மற்றொரு குரல் உன்னுடையது. விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ என் முன்னால் நின்று, "மாமா வந்தாங்கப்பா. நான் ஒங்க சட்டையப் புடிச்சு இழுத்தேன்லா?" என்றாய். பொய் சொல்லாதே என்றேன். "வந்தாங்க" என்றாய். அடித்தேன். மறுபடி "வந்தாங்க" என்றாய். நீ "வரலை" என்று சொல்லும்வரை அடித்தேன். உன் அம்மா நடுவில் வந்து, "பொய் சொல்ல அவனுக்கு என்னங்க தேவை?" என்றாள். அதற்கடுத்த ஞாயிறு நீ பெண்கள் பக்கம் போய் அவளோடு உட்கார்ந்தாய். அம்மா பிள்ளை என்று எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உனக்கு இதெல்லாம் நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கே மறந்திருந்தது. அந்த நான்கு வரிகளை வாசித்த பிறகு உள்ளங்கை முதலில் நினைவுக்கு வந்தது, அது எப்படி எரிந்தது என்று.

அதற்குப் பிறகு பல நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. நோட்டை அலமாரியில், பழைய போர்வைக்கு அடியில் வைத்தேன். என் வலது கையைக் கண்டே எனக்குப் பயமாகிவிட்டது. ரயிலில் எதிரே இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால், என் ஆட்காட்டி விரல் தொடைமேல் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது எழுதிக்கொண்டிருக்கும். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விரலைத்தான் கேட்க வேண்டும். ஒரு ஞாயிறு, கோயிலில் இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எழுதாமல் பிரசங்கம் கேட்டேன். யாரோடாவது மனக்குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்பதுதான் அன்றைய செய்தி. அதே செய்தியை ஆறு முறை எழுதியிருக்கிறேன், தேதியோடு சொல்வேன். அன்றுதான் அது என்னிடம் சொல்லப்படுகிறது என்று தெரிந்தது. ஆராதனை முடியும்வரை உட்கார முடியவில்லை.

பொன்னையா ஆண்டாப் ஹில்லில் மகளோடு இருப்பதாக ஒருவர் சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாரும் வே ஸ்டெனோ. அட்ரஸ் கெடைக்க முப்பது வருசம் ஆயிட்டோ?" என்றார். கதவைத் திறந்த பெண், "யாருப்பா இவங்க?" என்று கேட்டாள். "நீ பொறந்த அன்னைக்கு வராத ஆளு" என்றார். அவள் பெயர் கிருபா. அன்று பிறந்த குழந்தை.

நான் வேறு எதுவும் பேசத் துணியாமல் நோட்டைத் திறந்து வாசித்தேன். அறையில் பிரஷர் குக்கர் சத்தம் மட்டும். முடித்ததும் பொன்னையா, "இன்னொரு தடவ வாசியும்" என்றார். வாசித்தேன். மூன்றாம் முறை நான் வாசிக்கும்போது அவர் உதடும் அசைந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் குரல் என் வாயிலும் அவர் உதட்டிலும் ஒரே நேரத்தில் இருந்தது.

"அப்ப நான் உள்ள வந்திருக்கேன்" என்றார் அவர், என்னிடம் இல்லை, சுவரிடம். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு. வாசலோட திரும்பிட்டேனோ, கூப்பிட்ட மாதிரி கனவு கண்டேனோன்னு. குடிச்சிருந்தேனோன்னுகூட நெனச்சேன். நாந்தான் ஒங்க அம்மையக் கொன்னுட்டேன்னு இந்தப் புள்ளைகிட்டயே சொல்லியிருக்கேன் வே."

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். கிருபா என் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தாள். ஆனால் அவள் குரலில் இரக்கம் இல்லை. "அங்கிள், உதர் சர்ச்ல சப்கே சாம்னே, எல்லாருக்கும் முன்னாடி, எங்கப்பா சொன்னது பொய்யின்னு சொன்னீங்க. இதர் ரூமுக்குள்ள வந்து உண்மைன்னு சொல்றீங்க. ஏ க்யா பாத் ஹுயி, இது என்ன நியாயம்? அங்க போய்ச் சொல்லுங்க."

"வுடு மக்கா, பெரியவரு பயப்படுதாரு" என்றார் பொன்னையா. அவர் கேலியாகச் சொன்னாரா, பரிந்து சொன்னாரா என்று தெரியவில்லை. சொன்னது உண்மை.

இப்போதைய போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், உன் நண்பரும்கூட. "ஐயா, மனசுல பட்டுச்சு, நேர்ல போய் மன்னிப்பு கேட்டீங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு. அடுத்த மாசம் தம்பிக்குப் பட்டம். பிஷப் வர்றாங்க. அது முடியட்டுமே" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. கேட்டதை வசதியான இடத்தில் வைத்து மூடிவிடும் அந்த ஆள் மறுபடி வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று புரிந்தது. உன் பட்டத்துக்கு ஏதாவது தடை வருமோ என்று ஒரு வாரம் யோசித்தேன். வந்தால் அதற்கு நான்தான் காரணம். இதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிறு, நான் கூப்பிட்டதால், பொன்னையாவும் கிருபாவும் தாராவிக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன். உனக்குத் தெரியும், வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று ஒவ்வொருவரும் சொல்லி நிறுத்தும் இடத்தில் சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். நான் மைக்கைப் பிடித்தேன். யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துவிட்டது. நேரே நோட்டை வாசிக்க ஆரம்பித்தேன். "பிள்ள பொறந்துட்டு" என்று வாசித்து மூச்சு வாங்கினேன். "ஸ்தோத்திரம்" என்றது சபை. "அவளுக்கு ரத்தம் நிக்கல" என்றேன். "ஸ்தோத்திரம்."

நூற்றுக்கணக்கான பேர், மகனே. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். சிலர் கண்களை மூடியிருந்தார்கள். ஒரு பெண் பைக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள். ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வாய் தானாகத் திறந்தது, அவ்வளவுதான். மைக்குக்கு முன்னால் நின்று, அந்தப் பெஞ்சுகளில் எல்லாம் நானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பின்னால் கிருபா எழுந்து நின்றுவிட்டாள்.

"இது சாட்சி இல்லை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. ஒரு பொம்பளை செத்துப்போனா. கடைசில உக்காந்திருக்காரே பொன்னையா, அவரு என்னைக் கூப்பிட வந்தாரு. நான் போகலை. வரவே இல்லைன்னு இதே எடத்துல சொன்னேன். அவரு சொன்னதுதான் உண்மை." விசிறிகள் சுற்றுவது கேட்டது. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. பொன்னையா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக எழுந்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்றார்.

ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் எனக்கு வயதாகிவிட்டது என்றார். கடைசியில், முன்பு எழுதிய முடிவு தவறு என்று குறிப்பேட்டில் எழுதச் சம்மதித்தார்கள். எழுத என்னிடம் நீட்டினார்கள், நான் தொடவில்லை. இப்போதைய காரியதரிசி எழுதினார். அவர் முடிக்கும்போது பொன்னையா, "இன்னொரு வரி உண்டு" என்றார். "இவரு மவன் சின்னப் பயலா பக்கத்துல இருந்தான். 'மாமா கூப்பிடுதாங்க'ன்னு அவன் சொன்னது என் காதுல விழுந்துது. அவன் சொன்னதும் உண்மைதான்னு எழுதும்." எழுதினார்கள். உன் பெயர் அதில் இருக்கிறது.

உன்னை அடித்து "வரலை" என்று சொல்லவைத்தவன் நான். உண்மையைப் பொய்யென்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, வாராவாரம் உன்னைக் கோயிலுக்கும் அழைத்துப்போனேன். அப்படியிருந்தும் நீ இந்த ஊழியத்துக்கு வந்திருக்கிறாய். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு என்னைக் காரணமாக எண்ணிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டால் பட்டத்தன்று நான் வர வேண்டாம் என்று சொல்லிவிடு, வரமாட்டேன். பொன்னையாவையும் கிருபாவையும் மட்டும் நீயே போய்க் கூப்பிடு.

பிரசங்கம் எப்படிச் செய்வது என்று உனக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீ பீடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, யாராவது நனைந்த சட்டையோடு உள்ளே வந்து ஒருவன் காதில் குனிந்தால், பேசுவதை நிறுத்திவிடு. நல்ல இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிடு. அவன் நிமிர்ந்து, எழுந்து, வெளியே போகும்வரை நீ ஒரு வார்த்தையும் பேசாதே.

அப்பா